ஏற்றியவரே வைக்க வேண்டுமா? கல்லடி மேசையில் ஒரு ஏஸ்-கிங் கை

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு. அதன் விறாந்தையில் போயா (பௌர்ணமி) விடுமுறைகளில் ஆறு பேர் கூடி நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறோம். காசு வைப்பதில்லை. பிளாஸ்டிக் சில்லுகள்தான், இரவு முடியும்போது யாரிடம் சில்லு ஆகக் குறைவாக இருக்கிறதோ அவர் மற்ற ஐந்து பேருக்கும் கொத்துரொட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். கொத்துக்குத்தானே என்று யாரும் அசட்டையாக ஆடுவதில்லை. ஐந்து கோழிக் கொத்து இன்றைய விலையில் அசட்டையாக இருக்கக்கூடிய விஷயமும் இல்லை. முக்கியமான கைகளை நான் ஒரு சீஆர் கொப்பியில் குறித்து வைக்கிறேன். கீழே வரும் கைகள் அதிலிருந்து எடுத்தவை.

ஆராயப்போவது ஒரே ஒருவரின் ஆட்டத்தை. திருக்கோவில்காரத் தம்பி, மட்டக்களப்பில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறான். எந்தக் கையை எடுப்பது, எதை வீசுவது, எப்போது திருப்பி ஏற்றுவது என்பதில் மேசையில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவன் ரீ-ரெய்ஸ் போட்ட பொட்களில்தான் (பொட் என்பது நடுவில் சேரும் சில்லு) அவனுடைய சில்லு கரைந்தது. கொப்பியைப் புரட்டினால் காரணம் கண்ணில் படுகிறது: அவன் ரீ-ரெய்ஸ் போட்டு யாராவது கோல் பண்ணினால் (அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தால்), ஃப்ளொப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டில், என்ன விழுந்தாலும் பெட். தொகையும் மாறாது, பொட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு.

ஹோல்டெம் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. ஃப்ளொப்புக்குப் பிறகு நான்காவது பொதுச் சீட்டு டேர்ன், ஐந்தாவது ரிவர். ஆட்டத்துக்கு முன் இருவர் கட்டாயமாகப் போடும் தொகைகள் ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட். போடுகிறவர்களையும் அதே பெயரால் சொல்வோம், தொகைகளை பிக் பிளைண்டில் அளப்போம். ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாக ஆடுகிறவரின் இருக்கை பட்டன். ஒன்றும் வைக்காமல் முறையை அடுத்தவருக்கு விடுவது செக், முழுக் கையிருப்பையும் தள்ளுவது ஆல்-இன். ஒருவர் ஏற்றியதற்கு மேல் இன்னொருவர் ஏற்றுவது ரீ-ரெய்ஸ். மேசை வழக்கில் த்ரீ-பெட். கடைசியாக ஏற்றியவர், மூன்று பொதுச் சீட்டு விழுந்த பிறகும் விடாமல் பெட் வைப்பது கன்டினுவேஷன் பெட், சுருக்கமாக சி-பெட். அதன் நியாயம் எளிது. ஏஸ்-கிங் மாதிரிச் சோடியில்லாத கை ஃப்ளொப்பில் ஒரு சோடியாவது பிடிப்பது 32% தடவைதான். எதிராளிக்கும் பெரும்பாலும் அதே கதி. இரண்டு பேருக்கும் ஒன்றும் படாதபோது, ‘என்னிடம் பெரிய கை இருக்கு’ என்று ஏற்கெனவே சொல்லி வைத்தவர் பொட்டை எடுத்துக்கொண்டு போகிறார்.

ரீ-ரெய்ஸ் பொட்டில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. சாதாரணமாக 100 பிக் பிளைண்டோடு தொடங்கும் ஒருவர் 2.5 பிக் பிளைண்ட் ஏற்றி, பிக் பிளைண்ட் கோல் பண்ணினால் பொட் 5.5, கையிருப்பு 97.5. கையிருப்பு பொட்டைப் போல் கிட்டத்தட்ட 18 மடங்கு. ரீ-ரெய்ஸ் பொட்டில் அது 4 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு பெரிய பெட் வைத்தால் முழுக் கையிருப்பும் நடுவில். ஆகவே ஃப்ளொப்பில் வைக்கும் தொகை ஃப்ளொப்போடு முடிவதில்லை. அது டேர்னில் நம்மை எந்த மூலையில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடுகிறது. தம்பியின் சில்லு கரைந்த இடம் இதுதான் என்பது என் முடிவு. ஏஸ்-கிங்கை வைத்துக்கொண்டு ஏமாற்றப் பார்த்தான் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

அந்தக் கை

ஸ்மால் பிளைண்ட் 1, பிக் பிளைண்ட் 2. எல்லாரிடமும் 200 சில்லு, அதாவது 100 பிக் பிளைண்ட். மற்றவர்கள் விலக, பட்டனில் இருந்த சேர் 5 ஆக ஏற்றினார். சேர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மேசையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஸ்மால் பிளைண்டில் தம்பி. கையில் இஸ்பேட் ஏஸ், டைமன் கிங். 22 ஆக ஏற்றினான். பிக் பிளைண்ட் விலகினார். சேர் கோல். பொட் 46. இருவரிடமும் மிச்சம் 178.

ஃப்ளொப்: ஆர்ட்டின் 8, ஆர்ட்டின் 7, கிளாவர் 5.

தம்பி முதலில் ஆட வேண்டும். சீட்டு விழுந்து முடிவதற்குள்ளேயே அவன் விரல் சில்லு அடுக்கில் இருந்தது. 30. சேர் ஒரு சில்லை எடுத்து மேசையில் நிமிர்த்தி நிறுத்தப் பார்த்தார், அது விழுந்தது, மறுபடியும் நிறுத்தினார். அவர் யோசிக்கும் விதம் அப்படி. பிறகு 30ஐத் தள்ளினார். பொட் 106, மிச்சம் 148.

டேர்ன்: இஸ்பேட் 2. யாருக்கும் உதவாத சீட்டு. இப்போதுதான் தம்பி முதல் தடவையாக நிதானித்தான். செக் செய்தால் சேர் வைப்பார், விலக வேண்டி வரும். ஃப்ளொப்பில் போட்ட 30 போச்சு. முழுவதையும் தள்ளினால் அதிகம். இரண்டுக்கும் நடுவே 60 வைத்தான். சேர் இந்தத் தடவை சில்லை நிறுத்திப் பார்க்கவில்லை. “ஆல்-இன்.” தம்பி மேலும் 88 போட்டால் நடுவில் இருக்கும் 314ஐப் பிடிக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான். சேர் கிளாவர் 9, டைமன் 9 காட்டினார். ரிவரில் கிளாவர் ஜாக் விழுந்தது. தம்பியின் 200 சில்லும் சேர் பக்கம் போய்விட்டது.

“ஏன் மனே ஃப்ளொப்பில முப்பது வெச்சாய்?” என்று கேட்டார் சேர், சில்லை அடுக்கிக்கொண்டே.

“ஏத்தினது நான்தானே சேர். நான் வைக்காம வேற ஆர் வைக்கிறது?”

“சரி, வெச்சாய். நான் கோல் பண்ணினன். மறுகா?”

தம்பியிடம் பதில் இருக்கவில்லை. சேரும் மேற்கொண்டு பேசவில்லை. அடுத்த கைக்குச் சீட்டைக் குலுக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் முழு ஆய்வும் அந்த ‘மறுகா’வில்தான், ‘பிறகு என்ன?’ என்பதில்தான், தொங்குகிறது.

எண்ணிப் பார்த்தால்

46ஐப் பிடிக்க 30 வைக்கிறோம். 76க்கு 30, அதாவது 39.5% தடவை எதிராளி விலகினால்தான் அந்த பெட் தன் காலில் நிற்கும். சேர் அவ்வளவு விலகுவாரா?

அவர் எந்தக் கைகளோடு பட்டனில் ஏற்றி, ரீ-ரெய்ஸையும் கோல் பண்ணுவார் என்பது மேசைக்கே தெரியும். ஏஸ் சோடி, கிங் சோடி, குயின் சோடி, ஏஸ்-கிங் இருந்தால் அவர் மறுபடி ஏற்றிவிடுவார். கோல் பண்ணியதால் அவை அவரிடம் இல்லை. ஜாக்கிலிருந்து 5 வரையுள்ள சோடிகள், ஒரே இனத்தில் ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-10, கிங்-குயின், கிங்-ஜாக், பிறகு குயின்-ஜாக்கில் தொடங்கி 6-5 வரை அடுத்தடுத்த சீட்டுகள் (ஒரே இனம்). இதுதான் அவருடைய ரேஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். தம்பி கையில் உள்ள இரண்டு சீட்டையும் ஃப்ளொப்பில் விழுந்த மூன்றையும் கழித்துவிட்டு எண்ணினால், சோடிகளில் 33 சேர்க்கை, மற்றவற்றில் 39. மொத்தம் 72.

இந்த 72இல் 8-7-5 பார்த்து விலகக்கூடியவை எவை? ஆர்ட்டின் அல்லாத ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-10, கிங்-குயின், கிங்-ஜாக் ஒவ்வொன்றிலும் 2, குயின்-ஜாக்கில் 3. ஆக 13. ஜாக்-10க்கு 9 வந்தால் ஸ்ட்ரெயிட் (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) என்றாலும், 30 பெரிய விலை என்று அதையும் விடுவார் என்றால் இன்னும் 3. 16. அதாவது 22%. தேவை 39.5%, கிடைப்பது 22%. மிச்சம் 56 கைகளும் ஏதோ ஒரு விதத்தில் பிடித்துக்கொண்டிருக்கின்றன: 8, 7, 5 சோடிகள் செட் (ஒரே எண்ணில் மூன்று) ஆகிவிட்டன, 9உம் 10உம் ஜாக்கும் பொதுச் சீட்டுகளுக்கு மேலான சோடிகள், 6 சோடிக்கு 4 வந்தாலும் 9 வந்தாலும் ஸ்ட்ரெயிட், 10-9க்கு ஜாக் அல்லது 6, 8-7க்கு இரண்டு சோடி. ஆர்ட்டினில் இருப்பவை ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து) தேடுகின்றன.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தம்பியின் ரேஞ்சில் ஏஸ், கிங், குயின் சோடிகள் 18 சேர்க்கை. நல்ல கைகள், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏஸ்-கிங் மட்டுமே 16 சேர்க்கை, ஆர்ட்டின் ஏஸ்-கிங் ஒன்றைத் தவிர அவை அத்தனையும் இந்த ஃப்ளொப்பில் வெறுங்கை. செட்டும் இரண்டு சோடியும் ஸ்ட்ரெயிட் தேடும் கையும் அவன் பக்கம் அரிது, சேர் பக்கம் தாராளம். பெரிய சோடி வைத்திருப்பவன் என்ற பெயர் தம்பிக்கு. பெரிய கை வைத்திருப்பவர் என்ற பெயர் சேருக்கு. இந்த வித்தியாசத்தை நோ-லிமிட்டில் மறந்தால் கையிருப்பு முழுவதும் போகும்.

ஏஸ்-கிங்குக்கு உயிர் இல்லை என்று சொல்லவில்லை. 9 சோடிக்கு எதிராக, ஃப்ளொப்பிலிருந்து ரிவர் வரை இலவசமாகப் பார்க்க விட்டால் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேல் அது வெல்லும். ஆனால் அந்த உயிர் இலவசமாகப் பார்க்கக் கிடைத்தால்தான் உதவும். பெட் வைத்து, எதிராளி திருப்பி ஏற்றி, நாம் விலகினால் நம் கையாலேயே அதை அழித்தவர்களாகிறோம்.

டேர்னில் மூன்று கதவும் பூட்டு

பொட் 106, மிச்சம் 148. செக் செய்து விலகினால் 52 சில்லு ஏற்கெனவே போய்விட்டது. ஆல்-இன் தள்ளினால் 106ஐப் பிடிக்க 148 வைக்கிறோம். 58% தடவை சேர் விலகியாக வேண்டும். ஃப்ளொப்பில் 30க்கு விலகாத 56 கைகள், ஒன்றுக்கும் உதவாத இஸ்பேட் 2ஐப் பார்த்துவிட்டு பாதிக்கு மேல் விலகும் என்று எதிர்பார்க்க என்ன காரணம்?

60 வைப்பதுதான் மூன்றிலும் மோசம். அதற்குச் சேர் ஆல்-இன் சொன்னால் 88க்கு 402 கிடைக்கும். 22% வெற்றி வாய்ப்பு இருந்தால் போதும். விலையைப் பார்த்தால் கைவிட மனம் வராது. ஆனால் 9 சோடிக்கு எதிராக மிச்சமுள்ள 44 சீட்டில் 6தான் உதவும்: 13.6%. செட் என்றால் ஒன்றுமே இல்லை. குயின்-ஜாக் ஆர்ட்டின் மாதிரி ஃப்ளஷ் தேடும் கைக்கு எதிராக மட்டும் ஏஸ்-கிங் முன்னிலையில், மூன்றில் இரண்டு பங்கு. சேர் ஆல்-இன் சொல்லும் கைகளில் நான்கில் ஒன்றாவது அப்படித் தேடும் கையாக இருந்தால் கோல் சரி. சேரை அறிந்தவர்களுக்கு அந்த நான்கில் ஒன்று தாராளமான கணக்கு. பாடசாலையிலேயே அவர் ஊகத்துக்குப் புள்ளி போட்டவர் இல்லையாம்.

இப்போது ஃப்ளொப்பில் 30க்குப் பதில் 15 வைத்திருந்தால் என்று பாருங்கள். தேவைப்படும் விலகல் 24.6%. கிடைப்பது 13 கை, 18%. இதுவும் நட்டம்தான். ஏஸ்-கிங்கின் அந்த ஆறு சீட்டு நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் 15 வைப்பதில் சராசரியாக 4 சில்லு நட்டம், 30 வைப்பதில் 13. ஆனால் 15 வைத்தவருக்கு டேர்னில் பொட் 76, கையில் 163. செக் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இந்தக் கைக்கு, இந்த இடத்திலிருந்து, இந்த ஃப்ளொப்பில் முதல் தெரிவு செக். 15ஐ மன்னிக்கலாம். 30ஐ நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. கையில் ஆர்ட்டின் ஏஸ் இருந்திருந்தால் கதை கொஞ்சம் மாறும்: சேரிடம் ஆகப் பெரிய ஃப்ளஷ் தேடும் கை இருக்க முடியாது, நமக்கோ பின்னால் இரண்டு ஆர்ட்டின் விழ வாய்ப்பு. அப்போது சில தடவை வைக்கலாம்.

304 ஆடி வளர்ந்த கைகள்

அடுத்த கைக்குப் போகுமுன் மேசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் எல்லாரும் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கு 304. (ஹோல்டெம் பழகும்போது எங்கள் ஊரில் முதல் தடுமாற்றமே ஜாக்கை ஏஸ் வெல்வதை ஏற்றுக்கொள்வதுதான்.) அந்த ஆட்டத்தில் எட்டுச் சீட்டு கைக்கு வந்தால் வந்ததுதான், கை சரியில்லை என்று வீசிவிட்டு எழும்ப முடியாது. அந்தப் பழக்கம் போகவில்லை. சோடி என்று ஒன்று கையில் இருந்துவிட்டால் எங்கள் ஆட்கள் அதை ஃப்ளொப்பில் விடமாட்டார்கள். 15 கேட்டாலும் விடமாட்டார்கள், 30 கேட்டாலும் விடமாட்டார்கள். சேர் கணிதம் படித்தவர்தான், ஆனால் அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாவது கை. சில வாரம் கழித்து, அதே இருவர், அதே இருக்கைகள், அதே தொகைகள். தம்பி கையில் டைமன் ஏஸ், டைமன் 4. இதை ஏன் ரீ-ரெய்ஸ் போட்டான் என்று பக்கத்தில் இருந்த செங்கலடி அண்ணன் முணுமுணுத்தார். போடலாம். கையில் ஒரு ஏஸ் இருந்தால் எதிராளியிடம் ஏஸ் சோடி இருக்கும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகவும், ஏஸ்-கிங் இருக்கும் வழிகள் 16இலிருந்து 12ஆகவும் குறைகின்றன. பொட் 46. ஃப்ளொப் இஸ்பேட் கிங், டைமன் 8, கிளாவர் 3.

தம்பிக்கு எதுவும் படவில்லை. ஏஸ்-கிங் வைத்திருந்த அன்றைவிட மோசமான கை. ஆனால் இந்தத் தடவை ஃப்ளொப் அவன் பக்கம். கிங் சோடி, ஏஸ்-கிங், ஏஸ் சோடி எல்லாம் அவன் ரேஞ்சில் மட்டும். சேரிடம் அதிகபட்சம் கிங்-குயின், கிங்-ஜாக், அல்லது 8 செட். மூன்றும் வேறு வேறு இனம், ஃப்ளஷ் தேடுவார் இல்லை. 15 வைத்தான். சேர் வீசினார்.

எண்ணினால், இதே ரேஞ்சில் இப்போது 80 சேர்க்கை. ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், ஏஸ்-10, குயின்-ஜாக், ஜாக்-10, 10-9, 7-6, 6-5: இவை 29. சோடி எதையும் சேர் விடமாட்டார் என்றே வைத்துக்கொண்டாலும் 36% விலகல். 15க்குத் தேவை 24.6%. அதற்குப் பிறகு ஒரு சில்லும் போடாமல் கைவிட்டாலும் சராசரி 7 சில்லு இலாபம். பழைய வழக்கப்படி 30 வைத்திருந்தால்? விலகுவது அதே 29தான், ஏனென்றால் சோடிகள் எங்கள் மேசையில் எதற்கும் அசைவதில்லை. கணக்கு 2 சில்லு நட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது. கை, ஃப்ளொப், எதிராளி எல்லாம் அதேதான். தொகை மட்டும் வேறு.

சின்னச் சோடிகளை 30க்குப் பயந்து வீசும் மேசை ஒன்றில் இந்த முடிவு தலைகீழாகும். 5, 6, 7 சோடிகள் அங்கே விலகும். 30 நன்றாகவே வேலை செய்யும். கொழும்பிலோ இணையத்திலோ ஆடுகிறவர்களுக்குச் சரியாக இருப்பது கல்லடியில் சரியாக இருக்க வேண்டியதில்லை. 2015இல் பயோசால்வர் என்ற போக்கர் கணிப்பு மென்பொருள் வந்த பிறகு, கிங்-8-3 மாதிரி ஃப்ளொப்பில் ரேஞ்ச் முழுவதையும் சின்னத் தொகைக்கு வைப்பது பரவலாகிவிட்டது. அந்த மென்பொருளின் எதிராளி 15க்கு நான்கில் மூன்று கைகளைக் காப்பாற்றுகிறவர். எங்கள் சேர் அதற்குக் கொஞ்சம் குறைவு, பிடிவாதத்தில் மட்டும் கூடுதல். காரணம் வேறானாலும் தொகை ஒன்றாகத்தான் வருகிறது.

சின்னத் தொகையின் இன்னொரு நன்மை மிச்சமுள்ள தெருக்களில், அதாவது டேர்ன், ரிவர் சுற்றுகளில், தெரியும். 46 பொட்டுக்கு 178 கையிருப்பு என்றால், மூன்று தெருவிலும் சம விகிதத்தில் வைத்து ரிவரில் முழுவதையும் உள்ளே தள்ள ஒவ்வொரு தடவையும் பொட்டில் 53% போதும். ஃப்ளொப்பில் 15 மட்டும் வைத்தாலும் பின்னால் 65% என இரண்டு தடவை வைத்தால் அதே இடத்துக்கு வந்துவிடலாம். கையில் ஏஸ் சோடி இருக்கும்போது ‘சின்னதாக வைத்தால் முழுக் கையிருப்பும் எடுக்க முடியாதே’ என்ற பயத்துக்கு இடமில்லை. தம்பி எப்போதும் 30 வைத்ததற்கு அடிப்படையே இந்தப் பயம்தான் என்று பிறகு ஒருநாள் அவனே சொன்னான்.

செக் செய்தவனின் கை தெரிந்துபோனால்

கணக்கைப் பிடித்துக்கொண்ட தம்பி அடுத்த தவறுக்குப் போனான். 8-7-5 ரக ஃப்ளொப்பில் ஏஸ்-கிங்கை செக் செய்தான், சரி. ஆனால் குயின் சோடி, ஏஸ் சோடி வந்தால் மட்டும் பெட் வைத்தான். சேருக்கு இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. தம்பி செக் என்று தட்டினால் போதும், சேரின் 30 உடனே நடுவில் இருக்கும். தம்பி வீசுவான். சேர் கையில் என்ன இருந்தது என்பது முக்கியமே இல்லை.

செக்குக்குள் நல்ல கையும் இருந்தாக வேண்டும். அது இல்லாத செக், விலகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்த மாதிரி. இதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தொடர்ந்து அடி வாங்கியதில் தானாகவே பிடித்தான் என்று நினைக்கிறேன். கொப்பியில் உள்ள மூன்றாவது கை அதற்குச் சாட்சி. பொட் 46, தம்பி கையில் இஸ்பேட் குயின், டைமன் குயின். ஃப்ளொப் டைமன் 9, டைமன் 8, கிளாவர் 6. செக். சேர் வழமைபோல 30. தம்பி கோல், பொட் 106. டேர்ன் இஸ்பேட் 3. செக். சேர் 50. தம்பி மறுபடி கோல். பொட் 206, மிச்சம் 98. ரிவர் ஆர்ட்டின் 4. செக். சேர் ஆல்-இன்.

இந்த இடத்தில் தம்பிக்கு 402க்கு 98. வெற்றி வாய்ப்பு 24.4% தேவை. சேரிடம் 9, 8, 6 சோடி இருந்தால் செட். 10-7 ஸ்ட்ரெயிட், ஆனால் அது பட்டனில் கோல் பண்ணும் கையே இல்லை. தவறவிட்ட டைமன்கள் எத்தனையோ. கையில் டைமன் குயின் இருப்பதால் அவற்றில் சில குறையும், அது மட்டும்தான் நெருடல். மற்றப்படி, தம்பி செக் செய்தால் எதை வைத்தும் அடிப்பது சேரின் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. கோல். சேர் இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஜாக்கைக் காட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். “இப்பதான் மனே நீ செக் பண்ணுறாய்” என்றார்.

ஒரு கையின் முடிவை வைத்து எதையும் நிறுவ முடியாது. சேர் அன்று 8 சோடி காட்டியிருக்கலாம். அப்போதும் கோல் சரியாகவே இருந்திருக்கும். நான் பார்ப்பது அதற்குப் பிறகு நடந்ததை: தம்பி செக் செய்தால் சேர் சில்லை நிறுத்தி விளையாடத் தொடங்கிவிட்டார். முன்பு அந்த யோசனைக்கே அவருக்குத் தேவை இருக்கவில்லை.

பட்டனில் தம்பி இருக்கும்போது

இதுவரை பார்த்ததெல்லாம் தம்பி முதலில் ஆட வேண்டிய இடத்தில். அவன் பட்டனில் இருந்து, முன்னால் ஒருவர் 5 வைத்ததை 16 ஆக ஏற்றினால் பொட் 35, கையிருப்பு 184. ஐந்து மடங்குக்கு மேல். எதிராளி முதலில் செக் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். 12 வைப்பதற்கு ஏற்ற ஃப்ளொப்கள் இங்கே கூடுதல். பிடிக்காத ஃப்ளொப்பில் தானும் செக் செய்து டேர்னை இலவசமாகப் பார்க்கவும் முடியும். இந்த இருக்கையில் தம்பிக்குப் பெரிய சிக்கல் இருந்ததாகக் கொப்பி சொல்லவில்லை.

ரீ-ரெய்ஸுக்கு இரண்டு பேர் கோல் பண்ணினால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நல்ல கை இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எங்கள் மேசையில் இரண்டு பேரும் சேர்ந்து விலகுவதை நான் எதிர்பார்ப்பதில்லை.

இப்போது ஒரு புதுப் பிரச்சினை கிளம்பியிருக்கிறது. அடுத்த போயாவிலிருந்து 200 சில்லுக்குப் பதில் 300 என்று தீர்மானமாகிவிட்டது. பொட் 46 என்றால் கையிருப்பு 278, ஆறு மடங்கு. ஃப்ளொப்பில் 15 வைத்துத் தொடங்கினால், ரிவரில் முழுவதும் உள்ளே போக டேர்னிலும் ரிவரிலும் பொட்டில் 91% வைக்க வேண்டி வரும். 23 வைத்துத் தொடங்கினால் 78%. கிங்-8-3இல் ஏஸ்-கிங் வைத்திருப்பவனுக்கு 91% இரண்டு தடவை வைக்கத் துணிச்சல் வராது என்பது தம்பியின் வாதம்; அதனால் 23. சேர் ஒப்புக்கொள்ளவில்லை. கையிருப்பு கூடினால் 8 செட்டுக்குக் கிடைக்கும் பரிசும் கூடும், ஒரு சோடிக்காக முழு 300ஐயும் உள்ளே தள்ள ஏன் அவசரம் என்கிறார். செங்கலடி அண்ணன், ஃப்ளொப்புக்கு முன்பே 22க்குப் பதில் 25 ஆக ஏற்றினால் இந்தச் சண்டையே வராது என்கிறார். அவர் சொன்னதை இருவரும் காதில் வாங்கவில்லை. அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது: 25 என்றால் பொட் 52, கையிருப்பு 275, ஆறு மடங்கு என்பது 5.3 ஆகக் குறையும். ஆனால் 25 கேட்டால் 7-6, 6-5 எல்லாம் வீசப்படும், அந்தக் கைகள் கோல் பண்ணுவதும் நமக்கு இலாபம்தானே என்று நான் கேட்டதற்கு அவரும் பதில் சொல்லவில்லை.